முழு உடல் பரிசோதனையா, வயதுக்கேற்ற சில சோதனைகளா?

உடலில் எந்தத் தொந்தரவும் இல்லாத ஒருவர், நாற்பது வயதை நெருங்கும்போது, "ஒரு தடவை எல்லாவற்றையும் பார்த்துவிட்டால் நிம்மதி" என்று நினைப்பது இயல்பு. நினைத்த மாத்திரத்தில் அவர் முன் மூன்று வழிகள் வந்து நிற்கின்றன. ஐம்பது அறுபது சோதனைகளை ஒரே காலையில் முடித்துத் தரும் முழு உடல் பரிசோதனைத் தொகுப்பை ஆண்டுதோறும் செய்துகொள்ளலாம். வயது, பால், குடும்ப வரலாறு, புகைப்பழக்கம் ஆகியவற்றைப் பார்த்துத் தேர்ந்தெடுத்த ஐந்தாறு சோதனைகளை மட்டும் உரிய இடைவெளியில் செய்துகொள்ளலாம். அல்லது, ஏதாவது வந்தால் பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்துவிடலாம். இவற்றில் இரண்டாவது வழியே சிறந்தது என்பது என் முடிவு. அந்த முடிவுக்கு நான் எளிதாக வந்துவிடவில்லை. முதல் வழியில் போய்ப் பட்ட பிறகே வந்தேன்.

மூன்றாவது வழியைப் பற்றி அதிகம் பேசத் தேவையில்லை. உயர் ரத்த அழுத்தம் வலிப்பதில்லை. சர்க்கரை நோய் தாகமாகவும் களைப்பாகவும் வெளியே தெரிவதற்குள் பல ஆண்டுகள் உள்ளுக்குள் ஓடியிருக்கக்கூடும். கருப்பைவாயில் தோன்றும் ஆரம்ப மாற்றம் புற்றுநோயாக முற்றுவதற்குப் பெரும்பாலும் பத்து ஆண்டுகளுக்கும் மேல் ஆகிறது; அந்தக் காலம் முழுவதும் அந்தப் பெண்ணுக்கு எதுவும் தெரியாது. அறிகுறி வரட்டும் என்று காத்திருப்பவர், எளிதில் சரிசெய்யக்கூடிய அந்த ஆண்டுகளைத்தான் கைநழுவ விடுகிறார்.

ஆகவே, உண்மையான போட்டி முதல் இரண்டு வழிகளுக்கு இடையில்தான்.

தொகுப்பில் ஒளிந்திருக்கும் கணக்கு

ரத்தச் சோதனை அறிக்கையில் ஒவ்வொரு எண்ணுக்கும் பக்கத்தில் அச்சிடப்படும் "இயல்பு வரம்பு", பெரும்பாலான சோதனைகளில், நலமாக இருப்பவர்களில் 95 சதவீதத்தினர் உள்ளே வரும்படி வகுக்கப்பட்டது. அப்படியானால், நலமான நூறு பேரில் ஐந்து பேர் வரம்புக்கு வெளியே விழுவது அந்த முறையிலேயே அடங்கியிருக்கிறது. ஒன்றோடொன்று தொடர்பில்லாத 20 சோதனைகளை நலமான ஒருவருக்குச் செய்தால், அவற்றில் குறைந்தது ஒன்றாவது வரம்பு மீறுவதற்கான வாய்ப்பு 64 சதவீதம். 40 சோதனைகள் என்றால் 87 சதவீதம். நடைமுறையில் பல சோதனைகள் ஒன்றையொன்று சார்ந்தவை என்பதால் இந்த எண்கள் சற்றுக் குறையும் என்றாலும், சோதனைகள் கூடக் கூட "ஏதோ ஒன்று சரியில்லை" என்ற முடிவு நலமானவருக்கும் வந்தே தீரும் என்பது மாறாது.

என் அம்மாவுக்கு 62 வயதானபோது, அவருடைய நன்மைக்கென்று நாங்களே வற்புறுத்தி அப்படியொரு தொகுப்பைச் செய்ய வைத்தோம். பதினோரு பக்க அறிக்கை வந்தது. ஒன்பதாம் பக்கத்தில் சிஏ-125 என்ற புற்றுநோய்க் குறியீட்டின் அளவு தடித்த எழுத்தில், பக்கத்தில் ஒரு நட்சத்திரக் குறியோடு இருந்தது. சினைப்பைப் புற்றுநோயில் உயரக்கூடிய அளவு அது; புற்றுநோயே அல்லாத பல காரணங்களாலும் உயரும் என்பது அன்று எங்களுக்குத் தெரியாது. அடுத்த பத்து வாரங்களில் வயிற்று அல்ட்ராசவுண்டு, உள்வழி ஸ்கேன், சிடி ஸ்கேன், இரண்டு மறுசோதனைகள். கடைசியில் ஒன்றுமில்லை. அந்தப் பத்து வாரமும் அம்மா சரியாகத் தூங்கவில்லை. பிறகொரு நாள் அந்த அறிக்கையை அடுக்கி வைக்கும்போதுதான் முதல் பக்கத்தின் மேல் மூலையில், உயரம் எடை எழுதிய வரிக்குக் கீழே, 158/92 என்று ரத்த அழுத்தம் பதிவாகியிருந்ததைப் பார்த்தேன். அதற்குத் தடித்த எழுத்தும் இல்லை, நட்சத்திரமும் இல்லை. ரத்தத்தில் பார்த்த அளவுகளுக்கு மட்டுமே ஆய்வகத்தின் கணினி நட்சத்திரம் போட்டிருந்தது. கையால் எழுதிச் சேர்த்த எண்ணை யாரும் கவனிக்கவில்லை, நாங்களும் கவனிக்கவில்லை. வீட்டில் ஒரு வாரம் அளந்து உறுதி செய்த பிறகு மருத்துவர் மாத்திரை தொடங்கினார். சிகிச்சை தேவைப்பட்ட ஒரே கோளாறு முதல் பக்கத்திலேயே இருந்தது என்பது இன்றும் என்னை உறுத்துகிறது.

சிஏ-125-ஐப் பற்றிய சான்று இன்று தெளிவாகவே இருக்கிறது. பிரிட்டனில் மாதவிடாய் நின்ற 2 லட்சத்துக்கும் மேற்பட்ட பெண்களிடம், இந்த ரத்தச் சோதனையையும் ஸ்கேனையும் கொண்டு சினைப்பைப் புற்றுநோயை முன்கூட்டியே தேடும் பெரிய ஆய்வு நடந்தது. 2021-இல் வெளியான அதன் நீண்டகால முடிவு, இந்தத் தேடலால் அந்தப் புற்றுநோய் மரணங்கள் குறையவில்லை என்று காட்டியது. ஆனாலும் அந்தக் குறியீடு பல தொகுப்புகளில் இன்னும் இடம்பெறுகிறது.

தைராய்டு ஸ்கேனின் கதை இதைவிடப் பெரியது. தென் கொரியாவில் 1999-இல் தொடங்கிய தேசியப் புற்றுநோய்ப் பரிசோதனைத் திட்டத்தில் தைராய்டு இல்லை. ஆனால் மருத்துவமனைகள் சிறு கூடுதல் கட்டணத்தில் கழுத்து அல்ட்ராசவுண்டையும் சேர்த்துத் தந்தன. 2011-இல் கண்டறியப்பட்ட தைராய்டுப் புற்றுநோயின் விகிதம் 1993-இல் இருந்ததைப் போல் 15 மடங்காக உயர்ந்தது. அதே காலத்தில் அந்த நோயால் இறந்தவர்களின் விகிதமோ மாறவில்லை. அதாவது, வாழ்நாள் முழுவதும் தொல்லை தராமல் இருந்திருக்கக்கூடிய நுண்ணிய கட்டிகளே பெருமளவில் கண்டுபிடிக்கப்பட்டன. அறுவை செய்துகொண்டவர்களில் பெரும்பாலோர் வாழ்நாள் முழுவதும் ஹார்மோன் மாத்திரை எடுக்க வேண்டியவர்களானார்கள். சிலருக்குக் கால்சியம் சமநிலை கெட்டது, சிலருக்குக் குரல்நாண் செயலிழந்தது. மருத்துவ உலகம் இதை மிகைக் கண்டறிதல் என்று அழைக்கிறது. பொய்யான எச்சரிக்கையிலிருந்து இது வேறுபட்டது. நுண்ணோக்கியில் தெரிவது உண்மையிலேயே புற்றுநோய்தான்; ஆனால் அது அந்த மனிதருக்குத் தீங்கு செய்திருக்காத புற்றுநோய்.

பொதுவான உடல்நலப் பரிசோதனைகள் ஆயுளை நீட்டுகின்றனவா என்ற கேள்விக்கு, இரண்டரை லட்சம் பேர் பங்கேற்ற ஆய்வுகளைத் தொகுத்து, மருத்துவச் சான்றுகளை மதிப்பிடும் கோக்ரேன் அமைப்பு 2019-இல் புதுப்பித்த அறிக்கை, ஒட்டுமொத்த மரணத்திலும் புற்றுநோய் மரணத்திலும் அவற்றால் மாற்றம் இல்லை அல்லது மிகச் சிறிது என்ற முடிவுக்கே வந்தது. இங்கே ஒன்றை நேர்மையாகச் சொல்லியாக வேண்டும். அந்த ஆய்வுகளில் பல பழையவை. குடும்ப மருத்துவரை அடிக்கடி பார்க்கும் வழக்கம் உள்ள சமூகங்களில் நடந்தவை. பரிசோதனைக்கு அழைக்கப்படாதவர்களுக்கும் அங்கே எப்படியோ ரத்த அழுத்தம் அளக்கப்பட்டிருக்கும். மருத்துவர் பக்கமே தலைவைத்துப் படுக்காத ஒருவருக்கு, பத்து ஆண்டுகளில் ஒரே முறை ரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்க்கப்படும் வாசல் அந்தத் தொகுப்பாகத்தான் இருக்கும் என்றால், அதை வேண்டாமென்று சொல்ல எனக்கு மனமில்லை. அப்படிப்பட்டவர் ஆகச் சிறிய தொகுப்பைத் தேர்ந்தெடுத்து, அறிக்கையை மருத்துவரிடம் முதல் பக்கத்திலிருந்து காட்டுவது போதும்.

எதைத் தேர்ந்தெடுப்பது

உலக சுகாதார நிறுவனம் 1968-இல் வெளியிட்ட, வில்சனும் யுங்னரும் வகுத்த பத்து நெறிகள், நோயறிகுறி இல்லாதவரிடம் எந்த நோயைத் தேடலாம் என்பதற்கு இன்றும் அளவுகோலாக இருக்கின்றன. நோய் முக்கியமானதாக இருக்க வேண்டும், வெளியே தெரியாத ஒரு காலம் அதற்கு இருக்க வேண்டும், சோதனை மக்களுக்கு ஏற்புடையதாக இருக்க வேண்டும், கண்டுபிடித்தால் சிகிச்சை இருக்க வேண்டும் என்பவை அவற்றுள் சில. இவற்றை நான் எனக்காக ஒரே கேள்வியாகச் சுருக்கி வைத்திருக்கிறேன்: "இந்த எண் கூடுதலாக வந்தால் அடுத்து என்ன செய்வோம், அதைச் செய்ய நான் தயாரா?" இதற்குத் தெளிவான விடை இல்லாத சோதனையை நான் இப்போது செய்துகொள்வதில்லை.

அந்தக் கேள்வியில் முதலில் தேறுவது ரத்த அழுத்தம்தான். இங்கேயும் ஒரு தேர்வு உண்டு: மருத்துவமனையில் அளப்பதா, வீட்டில் அளப்பதா? மருத்துவமனையில் பெரும்பாலும் நடப்பது இதுதான். படியேறி வந்தவர் பையை இறக்கி வைப்பதற்குள் சட்டைக் கையின் மேலேயே பட்டையைச் சுற்றுகிறார்கள். கால்கள் தொங்குகின்றன, கை அந்தரத்தில் நிற்கிறது, நடுவில் பேச்சும் நடக்கிறது. இவை ஒவ்வொன்றும் எண்ணை மாற்றிவிடும். முறையாக அளக்க, முந்தைய அரை மணி நேரம் காபியும் புகையும் இல்லாமல், சிறுநீர் கழித்துவிட்டு, முதுகைச் சாய்த்து, பாதங்கள் தரையில் பதிய, கால்மேல் கால் போடாமல் ஐந்து நிமிடம் பேசாமல் உட்கார வேண்டும். வெறும் கையின் மேல், சரியான அளவுள்ள பட்டையை இதயத்தின் மட்டத்தில் கட்ட வேண்டும். மருத்துவமனையில் மட்டும் உயர்ந்து வீட்டில் இயல்பாக இருப்பவர்களும் உண்டு, அதற்கு நேர்மாறானவர்களும் உண்டு. எனவே, மருத்துவமனை அளவை எச்சரிக்கையாக எடுத்துக்கொண்டு, ஒரு வாரம் காலையிலும் மாலையிலும் இரண்டிரண்டு முறை வீட்டில் அளந்து, முதல் நாளை விட்டுவிட்டு மற்றவற்றின் சராசரியைப் பார்ப்பதே நம்பகமானது. மருத்துவமனையில் 140/90 என்பது எல்லை என்றால், வீட்டில் 135/85-க்கு மேல் சராசரி வந்தாலே அது உயர் ரத்த அழுத்தம்தான். அமெரிக்க இதயவியல் அமைப்புகள் 2017 முதல் 130/80 என்ற இன்னும் கீழான எல்லையை வைத்திருக்கின்றன.

சர்க்கரைக்கு வெறும் வயிற்றுச் சோதனையும், மூன்று மாத சராசரியைக் காட்டும் ஹெச்பிஏ1சி சோதனையும் இருக்கின்றன. முன்னதில் டெசிலிட்டருக்கு 126 மில்லிகிராம், பின்னதில் 6.5 சதவீதம் ஆகியவை நோயின் தொடக்க எல்லைகள். 100 முதல் 125 வரையும் 5.7 முதல் 6.4 வரையும் முன்நிலை. பட்டினி கிடக்கத் தேவையில்லை என்பது ஹெச்பிஏ1சியின் வசதி. ஆனால் அது சிவப்பணுக்களின் ஆயுளைச் சார்ந்தது. இரும்புச்சத்துக் குறைவால் ரத்தசோகை உள்ளவருக்கு அது பொய்யாக உயரக்கூடும். அண்மையில் ரத்தம் இழந்தவருக்கோ ரத்தம் ஏற்றிக்கொண்டவருக்கோ பொய்யாகக் குறையக்கூடும். ஆகவே ரத்தசோகை உள்ளவர் வெறும் வயிற்றுச் சோதனையையே நம்புவது நல்லது. அறிகுறி இல்லாதவருக்கு ஒரே ஒரு முடிவை வைத்து நோய் என்று முத்திரை குத்தக் கூடாது. இரண்டாவது சோதனை அதை உறுதி செய்ய வேண்டும். 35 வயதில் தொடங்கி, இயல்பாக இருந்தால் மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை போதும். தெற்காசிய வம்சாவளியினருக்கு ஒப்பீட்டளவில் குறைந்த எடையிலேயே சர்க்கரை நோய் வருவதால், உடல் நிறைக் குறியீடு 23-ஐத் தாண்டினாலே இன்னும் முன்னதாகப் பார்க்கச் சொல்கிறார்கள்.

கொலஸ்ட்ராலைப் பொறுத்தவரை, முதல் முறை பார்ப்பதற்குப் பெரும்பாலோருக்குப் பட்டினி தேவையில்லை. டிரைகிளிசரைடு என்னும் ரத்தக் கொழுப்பு மிகவும் உயர்ந்திருந்தால் மட்டும் வெறும் வயிற்றில் மறுபடியும் பார்க்கிறார்கள்.

பெருங்குடலுக்கு இரண்டு வழிகள்

இந்தக் கட்டுரையில் நான் மிகவும் நிதானிக்க விரும்பும் இடம் இதுதான். காரணம், இங்கே இரண்டு நல்ல வழிகள் உண்மையாகவே எதிரெதிராக நிற்கின்றன. அமெரிக்கத் தடுப்புச் சேவைகள் பணிக்குழு 2021-இல் பெருங்குடல் புற்றுநோய்ப் பரிசோதனையின் தொடக்க வயதை 50-இலிருந்து 45-ஆகக் குறைத்தது. அந்த வயதில் ஒருவர் ஆண்டுக்கு ஒருமுறை மலச்சோதனை செய்துகொள்ளலாம், அல்லது பத்து ஆண்டுகளுக்கு ஒருமுறை, கேமரா பொருத்திய குழாயைப் பெருங்குடலுக்குள் செலுத்திப் பார்க்கும் கொலோனோஸ்கோபி செய்துகொள்ளலாம்.

ஃபிட் எனப்படும் மலச்சோதனை, கண்ணுக்குத் தெரியாத அளவு மனித ரத்தம் மலத்தில் இருக்கிறதா என்று பார்க்கிறது. கழிப்பறையில் ஒரு தாளை விரித்து, அதில் விழுந்த மலத்தின் நாலைந்து இடங்களைச் சிறு குச்சியால் சுரண்டி, குச்சியைத் திரவம் உள்ள குழாய்க்குள் செருகி மூடி, தேதி எழுதி அனுப்பினால் வேலை முடிந்தது. உணவுக் கட்டுப்பாடு இல்லை, விடுப்பு தேவையில்லை. சிலருக்கு அருவருப்பு இருக்கும். ஆனால் செய்து முடிக்க ஐந்து நிமிடம்கூட ஆகாது. ஒருமுறை செய்யும்போது புற்றுநோய்களில் நான்கில் மூன்றை அது பிடிக்கிறது. குடலின் உட்சுவரில் முளைக்கும் பாலிப்பு என்னும் சதை வளர்ச்சிகளில் ரத்தம் கசியாதவற்றை அது பெரும்பாலும் தவறவிடும். பெரிய பாலிப்புகளில்கூட ஏறத்தாழ நான்கில் ஒன்றைத்தான் ஒருமுறைச் சோதனை பிடிக்கும். அதனால்தான் அதை ஆண்டுதோறும் தவறாமல் செய்ய வேண்டியிருக்கிறது.

கொலோனோஸ்கோபி நேரடியாகப் பார்க்கிறது. புற்றுநோயாக மாறக்கூடிய பாலிப்பைப் பார்த்த அந்த நிமிடமே அகற்றிவிடுகிறது. அதற்கு விலை உண்டு. முந்தைய நாளே திட உணவை நிறுத்தி, லிட்டர் கணக்கில் பேதி மருந்தைக் குடித்து, இரவில் கழிப்பறைக்கும் படுக்கைக்குமாக நடந்து, மறுநாள் மயக்க மருந்துக்குப் பின் வீட்டுக்குக் கூட்டிப் போக ஒருவரை ஏற்பாடு செய்ய வேண்டும். பத்தாயிரம் பேருக்குச் செய்தால் சுமார் மூவருக்குக் குடலில் துளை விழுகிறது, சுமார் பதினைந்து பேருக்குப் பெரிய ரத்தக்கசிவு ஏற்படுகிறது.

தாளில் பார்த்தால் கொலோனோஸ்கோபி வெல்லும். ஆனால் மனிதர்கள் தாளில் வாழ்வதில்லை. ஸ்பெயினில் ஐம்பதாயிரத்துக்கும் மேற்பட்டோரை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவினரை ஒரே ஒரு கொலோனோஸ்கோபிக்கும், மற்றவர்களை இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை மலச்சோதனைக்கும் அழைத்த ஆய்வின் பத்தாண்டு முடிவு 2025-இல் வந்தது. கொலோனோஸ்கோபிக்கு வந்தவர்கள் 32 சதவீதம். மலச்சோதனைப் பிரிவில் பங்கேற்றவர்கள் 40 சதவீதம். பெருங்குடல் புற்றுநோயால் இறந்தவர்கள் முறையே 0.22, 0.24 சதவீதம், மலச்சோதனை எந்த வகையிலும் பின்தங்கவில்லை. எனவே, ஆண்டுதோறும் நினைவு வைத்துச் செய்யக்கூடியவருக்கு மலச்சோதனையும், ஒருமுறை சிரமப்பட்டுவிட்டுப் பத்து ஆண்டுகள் மறந்திருக்க விரும்புபவருக்குக் கொலோனோஸ்கோபியும் பொருந்தும். ஒரே நிபந்தனை: மலச்சோதனையில் ரத்தம் இருப்பதாக வந்தால் கொலோனோஸ்கோபி செய்தே ஆக வேண்டும். "மூல நோயாக இருக்கும்" என்று அதை ஒதுக்கிவிடுபவர் மலச்சோதனை செய்ததற்கே பயனில்லை. பெற்றோருக்கோ உடன்பிறந்தவருக்கோ இந்தப் புற்றுநோய் வந்திருந்தால் பெரும்பாலும் இந்தத் தேர்வே இல்லை. 40 வயதில், அல்லது அவருக்கு நோய் கண்ட வயதுக்குப் பத்து ஆண்டு முன்னதாக, எது முந்துகிறதோ அப்போது கொலோனோஸ்கோபிதான்.

பெண்களுக்கான இரண்டு

கருப்பைவாய்க்கு, செல்களை நுண்ணோக்கியில் பார்க்கும் பாப் ஸ்மியரும், நோய்க்குக் காரணமான எச்.பி.வி. வைரஸைத் தேடும் மரபணுச் சோதனையும் இருக்கின்றன. அந்த வைரஸே இந்தப் புற்றுநோய்க்குக் காரணம் என்று காட்டிய ஹரால்ட் சுர் ஹவுசனுக்கு 2008-இல் நோபல் பரிசு கிடைத்தது. பாப் ஸ்மியர் பல பத்தாண்டுகள் உயிர் காத்த சோதனை. ஆனால் அது பார்ப்பவரின் கண்ணை நம்பியது, மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை செய்ய வேண்டியது. எச்.பி.வி. சோதனை கூடுதலாகப் பிடிக்கிறது; வைரஸ் இல்லை என்று வந்தால் நிம்மதி ஐந்து ஆண்டுகளுக்கு நீடிக்கிறது. உலக சுகாதார நிறுவனம் 2021 முதல் 30 வயதில் தொடங்கி ஐந்து முதல் பத்து ஆண்டுகளுக்கு ஒருமுறை அதைச் செய்யப் பரிந்துரைக்கிறது. எல்லாவற்றையும்விட எனக்கு முக்கியமாகப் படுவது, மாதிரியை அந்தப் பெண்ணே தனியறையில் எடுத்துக்கொள்ள முடியும் என்பதுதான். பரிசோதனை மேசையில் படுக்கக் கூச்சப்பட்டே ஆண்டுக்கணக்கில் தள்ளிப்போடும் எத்தனையோ பெண்களுக்கு அது தடையை நீக்கும். இரண்டும் கிடைக்கும் இடத்தில், 30 வயதைக் கடந்தவர் எச்.பி.வி. சோதனையைத் தேர்ந்தெடுக்கட்டும். வைரஸ் இருப்பதாக வந்தால் அது புற்றுநோய் அல்ல. பெரும்பாலான தொற்றுகள் இரண்டு ஆண்டுகளுக்குள் தாமாகவே நீங்கிவிடுகின்றன. தடுப்பூசி போட்டவர்களும் இந்தச் சோதனையை விடக் கூடாது.

மார்பகத்தை எக்ஸ்ரே எடுத்துப் பார்க்கும் மேமோகிராம் விஷயத்தில் நாடுகளே ஒத்துப்போவதில்லை. அமெரிக்கப் பணிக்குழு 2024 முதல் 40-இலிருந்து 74 வரை இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை என்கிறது. பிரிட்டனோ 50 வயதில்தான் தொடங்கி மூன்று ஆண்டுக்கு ஒருமுறை அழைக்கிறது. அங்கே 2012-இல் சுயேச்சைக் குழு ஒன்று போட்ட கணக்கு, முடிவெடுக்க உதவக்கூடியது: 50 வயதிலிருந்து இருபது ஆண்டுகள் 10,000 பெண்களை அழைத்தால் 43 மார்பகப் புற்றுநோய் மரணங்கள் தவிர்க்கப்படும், 129 பேர், ஒருபோதும் தொல்லை தந்திருக்காத புற்றுநோய்க்குச் சிகிச்சை பெறுவார்கள். 50 முதல் 70 வரை செய்துகொள்வதே நல்லது என்று நான் நினைக்கிறேன். நாற்பதுகளில், குடும்பத்தில் யாருக்கும் வந்திராதவர், மருத்துவரோடு பேசித் தன் மனத்துக்குச் சரியென்று பட்டதைச் செய்யலாம்.

ஆண்களின் புராஸ்டேட் சுரப்பிக்கான பி.எஸ்.ஏ. ரத்தச் சோதனையும் இதே வகையைச் சேர்ந்தது: 55 முதல் 69 வயது வரை மருத்துவரோடு பேசி முடிவெடுக்க வேண்டியது, 70-க்குப் பிறகு பெரும்பாலும் வேண்டாதது. தொகுப்பில் இருக்கிறது என்பதற்காகக் கேட்காமலே செய்துவிடக் கூடிய சோதனை அல்ல. நுரையீரலுக்கான குறைகதிர் சிடி ஸ்கேன், நாளொன்றுக்கு ஒரு பாக்கெட் வீதம் இருபது ஆண்டுகளுக்குச் சமமாகப் புகைத்த, 50 முதல் 80 வயதுக்குட்பட்டவர்களுக்கு மட்டுமே. புகையை விட்டு 15 ஆண்டுகள் ஆகிவிட்டால் அதுவும் தேவையில்லை என்கிறது அமெரிக்கப் பணிக்குழு. மற்றவர்களுக்கு அதனால் நன்மையைவிடத் தொல்லையே அதிகம்.

இந்தத் தேதிகளை எல்லாம் யார் நினைவு வைத்துக்கொள்வது என்பது இரண்டாவது வழியின் உண்மையான பலவீனம். தொகுப்பு ஆண்டுக்கொரு நாளோடு முடிந்துவிடும். தேர்ந்தெடுத்த சோதனைகளுக்கோ ஒவ்வொன்றுக்கும் ஒரு கெடு. நான் ஒரே தாளில் சோதனையின் பெயர், செய்த தேதி, வந்த முடிவு, அடுத்த தேதி, நிறுத்தும் வயது என்று ஐந்து பத்திகள் போட்டு அறிக்கைகளின் மேலேயே வைத்திருக்கிறேன். நிறுத்தும் வயதையும் எழுத வேண்டும்: பெருங்குடல் சோதனையை 75 வரை தொடர்ந்து செய்துவிட்டு, அதற்குப் பிறகு உடல்நிலையைப் பார்த்து முடிவெடுக்கலாம், முந்தைய முடிவுகள் எல்லாம் இயல்பாக இருந்தால் கருப்பைவாய்ச் சோதனையை 65-இல் நிறுத்திவிடலாம்.

இதுவரை சொன்ன இடைவெளிகள் எல்லாம் எந்த அறிகுறியும் இல்லாதவர்களுக்கு மட்டுமே பொருந்தும். மலத்தில் ரத்தம் தெரிந்தாலோ, மார்பில் கட்டி தட்டுப்பட்டாலோ, மாதவிடாய் நின்ற பிறகு ரத்தப்போக்கு வந்தாலோ, காரணமில்லாமல் எடை குறைந்தாலோ, போன மாதம் வந்த சோதனை முடிவு எவ்வளவு நன்றாக இருந்தாலும், தாளில் உள்ள அடுத்த தேதிக்காகக் காத்திராமல் அந்த வாரமே மருத்துவரைப் பார்த்துவிட வேண்டும்.